வாசல் கறையாகாம வீட்டுலயே கார் ஆயில் ஃபில்டர் மாத்துறது: முழு வழிகாட்டி

புதுச்சேரி லாஸ்பேட்டைல நாங்க குடியிருக்குற வாடகை வீட்டு வாசல்ல தோசைக்கல்லு அளவுக்கு ஒரு கருப்பு வட்டம் இருக்கு. முதல் தடவ நானே ஆயில் ஃபில்டர் மாத்தினப்போ வந்தது. அம்மா இன்னைக்கும் அந்த வட்டத்த விட்டுட்டு கொஞ்சம் தள்ளி தான் கோலம் போடுறாங்க, ஹவுஸ் ஓனர் வர்றப்போ மட்டும் அது மேல மிதியடி போட்டு மறைச்சிடுவோம்.

அதுக்கப்புறம் எத்தனையோ தடவ மாத்தியாச்சு, எதிர் வீட்டு தம்பி, என் மச்சான், ஆபீஸ்ல ரெண்டு பேருன்னு புதுசா செய்றவங்க பக்கத்துல நின்னும் பாத்தாச்சு. சிந்துறதுக்கு காரணம் கை பழகாததுன்னு எல்லாரும் நெனக்கிறாங்க, அதில்ல, வரிசை மாத்தி செய்றது தான். ஆயில் மூணு எடத்துல வெளிய வரும்: கீழ ட்ரைன் போல்ட் (பழைய ஆயில வடிக்க கழட்டுற போல்ட்), பக்கத்துல ஃபில்டர், மேல நாம ஊத்துற வாய். மூணும் மூணு விதமா ஒழுகும். எது திறக்கப்போகுதோ அதுக்கு முன்னாடியே ஆயில் எங்க விழணும்னு எடம் பாத்து வெச்சுட்டா வேலை முடிஞ்சது.

இங்க சொல்றது டப்பா மாதிரி முழுசா திருகி கழட்டுற ஃபில்டர் உள்ள வண்டிக்கு. சின்ன பெட்ரோல் கார்ல பெரும்பாலும் இது தான். உள்ள பேப்பர் எலிமென்ட் மட்டும் மாத்துற டைப்புக்கு என்ன வித்தியாசம்னு ஏழாவதுல ரெண்டு வரி இருக்கு.

1. முதல்ல எல்லாத்தையும் கை எட்டுற தூரத்துல வைங்க

பாதி வேலைல எழுந்து ஓடினா தான் ஆயில் வீட்டுக்குள்ள போகும், செருப்புல ஒட்டிக்கிட்டு ஹால் வரைக்கும். அதனால இது தான் முதல் படி.

ஆயிலோட கிரேடும் அளவும் வண்டி மேனுவல்ல இருக்கும். சின்ன பெட்ரோல் கார்னா சுமார் 3 லிட்டர்லேருந்து 4 லிட்டருக்குள்ள தான் போகும், ஆனா உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல பாத்தே வாங்குங்க. "ஃபில்டரோட சேத்து", "ஃபில்டர் இல்லாம"ன்னு ரெண்டு அளவு போட்டிருப்பாங்க, நமக்கு வேண்டியது முதல் அளவு. ஃபில்டர் வாங்குறப்போ மாடல் பேர் மட்டும் சொல்லாம வருஷமும் இன்ஜினும் சொல்லுங்க, ஒரே பேர்ல வந்த வண்டிக்கே ரெண்டு வகை ஃபில்டர் இருக்கும். கூடவே ட்ரைன் போல்ட்டுக்கு ஒரு புது வாஷர். ரொம்ப சின்ன காசு தான், ஆனா பழைய வாஷரயே போட்டு மறுநாள் சொட்டுது சொட்டுதுன்னு வந்தவங்க தான் அதிகம்.

டூல்ஸ்ல போல்ட்டுக்கு சரியான சைஸ் ரிங் ஸ்பானர் இல்லன்னா சாக்கெட், ஃபில்டர் ரென்ச், தலைல மாட்டுற டார்ச். ரெண்டு பக்கமும் வாய் திறந்த டபுள் எண்ட் ஸ்பானர் வேணாம், போல்ட் தலைய உருட்டிடும்.

ஆயில் பிடிக்க அகலமா, உயரம் கம்மியா ஒரு பேசின். குறைஞ்சது ஆறு லிட்டராவது பிடிக்கணும். என்னோடது காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல வாங்கினது. பக்கெட் வெக்காதீங்க, வண்டிக்கு அடில போகாது, போனாலும் ஃபில்டர் பக்கம் நகத்த முடியாது.

அப்புறம் பனியன் வேஸ்ட் அரை கிலோ, பெரிய அட்டைப்பெட்டி ஒன்னு பிரிச்சது, ஒரு பை மரத்தூள், நைட்ரில் கிளவுஸ் ரெண்டு ஜோடி, புனல், மூடி உள்ள காலி கேன். ரெண்டு விஷயம் மட்டும் கடைல கிடைக்காது: ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர், கழுவி காயவெச்ச ஒரு லிட்டர் பான்லே பால் கவர் ரெண்டு. எதுக்குன்னு வரும்.

2. நேரம் பாத்து ஆரம்பிங்க

காலைல ஆறரை, ஏழு மணிக்கு. வெயிலுக்காக மட்டும் சொல்லல. நம்ம ஊர்ல மதியத்துக்கு மேல கடல்காத்து வரும். கடைசியா நூல் மாதிரி மெலிசா விழற ஆயில அந்த காத்து பேசினுக்கு வெளிய தள்ளிடும். நம்பலன்னா ஒரு சாயங்காலம் செஞ்சு பாருங்க, பேசினுக்கு மேக்கு பக்கமா ஒரு வரிசை புள்ளி இருக்கும்.

ஐப்பசி கார்த்திகைல மழை மிரட்டிக்கிட்டு இருந்தா தள்ளிப்போடுங்க. சிந்தின ஆயில் மேல மழை விழுந்தா தெரு முழுக்க கலர் கலரா ஓடும், அப்புறம் யாரு வேலைன்னு கேக்கவே வேணாம்.

இன்ஜின அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விடுங்க. வெதுவெதுப்பான ஆயில் சீக்கிரம் வடியும், அழுக்கையும் சேத்து கொண்டு வரும். ஈசிஆர்ல ஒரு ஓட்டம் போயிட்டு வந்து உடனே படுத்துடாதீங்க, அந்த சூட்டுல ஆயில் கைல பட்டா கொப்பளிச்சிடும், திடுக்குன்னு கைய உதறுவீங்க, உதறினா செவுரு வரைக்கும் தெறிக்கும். ஃபில்டர் மேல கைய வெச்சா பொறுக்குற சூடா இருக்கணும், அவ்வளவு தான்.

3. தரைக்கு ஃப்ளெக்ஸ் பேனர், அதுக்கு ஒரு வரப்பு

நியூஸ் பேப்பர் விரிக்கிறவங்கள பாத்தா எனக்கு பாவமா இருக்கும். ஆயில் ரெண்டு நிமிஷத்துல ஊறி கீழ வந்துடும், பேப்பர் தரையோட ஒட்டிக்கும். ஃப்ளெக்ஸ்ல ஆயில் இறங்கவே இறங்காது, கல்யாணம் காதுகுத்து முடிஞ்ச வீட்ல கேட்டா சும்மாவே தருவாங்க. என் பேனர்ல ஒரு மாப்பிள்ளை பொண்ணு சிரிச்சிக்கிட்டு இருப்பாங்க, அவங்கள குப்புற போட்டு தான் விரிப்பேன், மூஞ்சில ஆயில் ஊத்த மனசு வரல.

ஆனா ஃப்ளெக்ஸ் மட்டும் விரிச்சா ஒரு புது பிரச்சனை. ஆயில் இறங்காதுல்ல, அதனால ஓடும், எங்க ஓடும்னா நீங்க படுத்திருக்குற பக்கம், ஏன்னா உங்க வெயிட்டுல அங்க தான் பள்ளம். என் மச்சான் எழுந்து வந்தப்போ முதுகுல பனியன் முழுக்க கருப்பு, அவனுக்கு தெரியவே இல்ல.

அதுக்கு தான் வரப்பு. ஃப்ளெக்ஸோட நாலு ஓரத்துக்கும் அடில ஒரு குச்சியோ பழைய பைப்போ வெச்சு உயத்திடுங்க, வயல் பாத்தி மாதிரி. நடுவுல அட்டைய போடுங்க, அட்டை மேல பேசின். சின்ன சின்ன சொட்ட அட்டை குடிச்சிடும், பெருசா கவுந்தா ஃப்ளெக்ஸ் பிடிச்சு வெச்சிருக்கும். நீங்க படுக்க தனியா ஒரு அட்டை, ஃப்ளெக்ஸுக்கு வெளிய.

4. வண்டிய தூக்குறதுல வெளையாடாதீங்க

வண்டியோட வர்ற ஜாக்கி டயர் மாத்துறதுக்கு மட்டும் தான். அத நம்பி அடில தலைய விடாதீங்க. ரேம்ப் (சக்கரம் ஏறி நிக்கிற சாய்வு மேடை) இருந்தா நல்லது, இல்லன்னா ஜாக்கில தூக்கி ரெண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்ட் வெச்சு எறக்கணும். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, ஹேண்ட் பிரேக், ஃபர்ஸ்ட் கியர். ஹாலோ பிளாக் வெச்சு நிறுத்துறத பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம், அது சொல்லாம கொள்ளாம ஒடையும். நிறுத்தினப்புறம் பக்கவாட்டுல ஒரு தடவ நல்லா ஆட்டி பாருங்க, ஆடினா மறுபடி வைங்க.

சில வண்டில தூக்காமலே கை எட்டும். எட்டினா தூக்காதீங்க.

5. கீழ போறதுக்கு முன்னாடி மேல ரெண்டு வேலை

பானெட் திறந்து ஆயில் ஊத்துற மூடிய கழட்டி மேலயே வைங்க, ஆயில் அளவு பாக்குற கம்பி, அதான் டிப் ஸ்டிக், அதயும் ரெண்டு இஞ்ச் மேல இழுத்து விடுங்க. எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா எப்படி குளுக் குளுக்குன்னு வருமோ, அதே தான், மேல காத்து போக வழியில்லன்னா கீழ ஆயில் வெட்டி வெட்டி வந்து தெறிக்கும். மூடிய கழட்டி வெச்சா இன்னொரு நல்லதும் இருக்கு, ஆயில் ஊத்தாம ஸ்டார்ட் பண்ணிட மாட்டீங்க, கண்ணுக்கு தெரியுற எடத்துல மூடி இருக்கும்.

அடுத்து, ஃபில்டர் ரென்ச் உங்க ஃபில்டர்ல உக்காருதான்னு ஆயில் வடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டு பாருங்க. ஆயில் முழுக்க வடிச்சிட்டு ரென்ச் சைஸ் சரியில்லன்னு தெரிஞ்சா கடைக்கு வண்டியும் எடுக்க முடியாது.

அடில பிளாஸ்டிக் கவர் இருந்தா முழுசா கழட்டிடுங்க. அதுல உள்ள சின்ன ஓட்டை வழியா வேலைய முடிச்சிடலாம்னு தோணும். முடிச்சா கவருக்குள்ள ஆயில் தேங்கி ஒரு வாரத்துக்கு ஓரமா சொட்டும், நீங்க ஃபில்டர் லீக்குன்னு நெனச்சு தூக்கம் கெடுவீங்க.

6. ட்ரைன் போல்ட்: சரியான போல்ட்டான்னு ரெண்டு தடவ பாருங்க

எதிர் வீட்டு தம்பி ஒரு ஞாயித்துக்கெழமை கேட்டுக்கு வெளிய நின்னு கூப்டான். "அண்ணே, ஆயில் தேன் மாதிரி சுத்தமா இருக்கு, இத எதுக்கு மாத்தணும்?" போய் மோந்து பாத்தேன், கந்தக நெடி, அது கியர் ஆயில். இன்ஜின் சம்புக்கு (இன்ஜினுக்கு அடில ஆயில் தேங்குற தொட்டி) பக்கத்துலயே கியர்பாக்ஸுக்கும் ஒரு ட்ரைன் போல்ட் இருக்கும், அவன் அத கழட்டிட்டான். நல்ல வேளை, இன்ஜின்ல புது ஆயில ஊத்துறதுக்கு முன்னாடி கூப்டான். அன்னைக்கு என் பைக்ல போய் கியர் ஆயில் வாங்கி வந்தோம். இன்ஜின் ஆயில் சம்பு தட்டையான தொட்டி மாதிரி இருக்கும், பெரும்பாலும் தகரம். சந்தேகம் இருந்தா மேனுவல் படத்த பாருங்க.

போல்ட்டோட தலைய நேரா பாத்த மாதிரி, பாட்டில் மூடி திறக்குற பக்கம் திருப்பினா லூஸ். மல்லாக்க படுத்து கைய தலைக்கு மேல நீட்டினா நமக்கு எது இடது எது வலதுன்னே கொழம்பும், டைட் பண்ணி மரைய கெடுத்தவங்க இருக்காங்க.

ஸ்பானரால லூஸ் பண்ணினதும் கையால திருப்புங்க. இங்க தான் கையோட பக்குவம் வேணும்: திருப்புற வரைக்கும் போல்ட்ட உள்பக்கமா அழுத்திக்கிட்டே இருங்க. அழுத்தினா மரை கழண்டாலும் போல்ட் வாய அடைச்சிக்கிட்டு இருக்கும், ஆயில் கசியாது. கடைசி மரை விட்டது விரலுக்கு தெரியும், ஒரு சின்ன ஆட்டம். அப்போ சட்டுன்னு பக்கவாட்டுல இழுத்துடணும், கீழ இல்ல. கீழ இழுத்தா ஆயில் முழங்கை வழியா அக்குள் வரைக்கும் வரும். அதுக்கே மணிக்கட்டுல பனியன் துணி ஒரு சுத்து கட்டிக்கங்க, முடிச்சு போட வேணாம், சொருகினா போதும்.

பேசின எங்க வெக்கணும்? போல்ட்டுக்கு நேர் கீழன்னு தான் எல்லாரும் வெக்கிறாங்க. போல்ட் பக்கவாட்டுல பாத்து இருந்தா ஆயில் முதல்ல குழாய் தண்ணி மாதிரி வளைஞ்சு ஒரு சாண் தள்ளி விழும், வேகம் கொறைய கொறைய பின்னாடி வந்து நேர் கீழ சொட்டும். அதனால பேசினோட ஓரம் போல்ட்டுக்கு கீழ இருக்கணும், மீதி முழுக்க ஆயில் பாயுற பக்கம். கொறையுறப்போ கொஞ்சம் கொஞ்சமா பேசின பின்னாடி இழுங்க.

போல்ட் பேசினுக்குள்ள விழும், எனக்கும் விழுந்திருக்கு. உடனே கைய விட்டு தேடாதீங்க. பழைய ஸ்பீக்கர்லேருந்து எடுத்த காந்தத்த ஒரு கம்பில கட்டி வெச்சிருக்கேன், வடிஞ்சதும் அத விட்டு எடுப்பேன்.

பத்து பதினஞ்சு நிமிஷம் விடுங்க. டீ குடிச்சிட்டு வாங்க, ஆனா கிளவுஸ கழட்டிட்டு போங்க.

7. போல்ட்ட மூடிட்டு தான் ஃபில்டர்

அவசரப்படுறவங்க ரெண்டையும் ஒரே நேரத்துல திறந்துடுவாங்க. ஒரு பேசின், ரெண்டு ஒழுக்கு, எதுக்கு வெச்சாலும் இன்னொன்னு தரைல. அதனால போல்ட் வாய தொடச்சு, புது வாஷரோட கையாலயே நாலஞ்சு சுத்து உள்ள விடுங்க. கைல போகலன்னா மரை குறுக்க மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், வெளிய எடுத்து மறுபடி. ஸ்பானர்ல கடைசி டைட் மட்டும், மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு, அதாவது எவ்வளவு இறுக்கணும்ங்கற அளவுக்கு. டார்க் ரென்ச் இல்லன்னா நீள பைப் போட்டு ஏறி நிக்காதீங்க, அலுமினிய சம்புல மரை போச்சுன்னா செலவு ஆயிரக்கணக்குல.

இப்போ பேசின ஃபில்டருக்கு கீழ நகத்துங்க, மெதுவா, ரெண்டு கையாலயும். மூணு லிட்டர் ஆயில் உள்ள இருக்கு, தளும்பும்.

பேப்பர் எலிமென்ட் டைப்பா இருந்தா ஹவுசிங் (எலிமென்ட் உள்ள உக்காந்திருக்குற கூடு) மூடிய ரெண்டு சுத்து லூஸ் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டுட்டு அப்புறம் தூக்குங்க, காத்து உள்ள போனா ஹவுசிங்ல உள்ள ஆயில் தானா சம்புக்கு எறங்கும். மூடியோட ஓ ரிங்கயும் கண்டிப்பா மாத்தணும்.

8. ஃபில்டர கழட்டுறது: கம்மி ஆயில், அதிக அழுக்கு

ஃபில்டருக்குள்ள இருக்குறது ஒரு டம்ளர் ஆயில் தான், 200லேருந்து 300 மில்லி. ஆனா வண்டிய அசிங்கம் பண்றது இது தான், ஏன்னா இது நேரா விழாது. லூஸ் ஆனதும் ஃபில்டர் ஒடம்பு வழியா ஓடி, பிராக்கெட்ல ஏறி, குறுக்கு ஃப்ரேமுக்கு மேல தேங்கி, சைலன்சர் பைப் பக்கத்துல இருந்தா அதுலயும் விழும். அடுத்த நாள் சிக்னல்ல நிக்கிறப்போ பொகையும் நாத்தமும் வரும்.

உங்க ஃபில்டர் எப்படி நிக்குதுன்னு முதல்ல பாருங்க. வாய் மேல பாத்து நேரா தொங்கினா அதிர்ஷ்டம், அப்படியே எறக்கிடலாம், கொஞ்சம் தான் வழியும். படுத்த மாதிரி பக்கவாட்டுல இருந்தா பாதி கண்டிப்பா கொட்டும். தலைகீழா, வாய் கீழ பாத்து மேல உக்காந்திருந்தா சுத்தி துணிய அடைச்சுட்டு தான் தொடணும்.

படுத்த ஃபில்டருக்கு தான் பால் கவர். முதல்ல ரென்ச்சால கால் சுத்து மட்டும் லூஸ் பண்ணுங்க, இன்னும் ஒழுகக்கூடாது. அப்புறம் ரென்ச்ச எடுத்துட்டு, வாய அகலமா வெட்டின ஒரு லிட்டர் கவர ஃபில்டர் மேல தலகாணி உறை மாதிரி மாட்டி, வாய் ஓரத்த இன்ஜின் பக்கமா நல்லா தள்ளி, கவரோட சேத்தே கையால திருகுங்க. ஒழுகுற ஆயில் கவருக்குள்ளயே எறங்கும். கழண்டதும் ஃபில்டரோட வாய் மேல வர்ற மாதிரி கவர தூக்கி, அப்படியே பேசினுக்குள்ள. ரெண்டு கவர ஒன்னுக்குள்ள ஒன்னு போட்டா இன்னும் தைரியமா செய்யலாம். சூடான இன்ஜின்ல இத செய்ய முடியாது, கவர் இளகிடும், வெதுவெதுப்புன்னு முன்னாடி சொன்னது இதுக்கும் தான்.

கவர் போட எடமே இல்லன்னா அலுமினிய ஃபாயில நாலா மடிச்சு, ஓடு மாதிரி வளைச்சு, ஃபில்டருக்கு கீழ சொருகி பேசினுக்கு ஒரு வாய்க்கால் செஞ்சுக்கலாம்.

அசையலன்னா உடனே ஸ்க்ரூ டிரைவர அடிச்சு சொருகி திருப்புற வீரத்த காட்ட வேணாம். தகரம் கிழியும், அடிபாகம் மட்டும் இன்ஜின்லயே நிக்கும், ஆயில் எல்லா ஓட்டைலேருந்தும் வரும். ஃபில்டர் மேல ஆயில் பிசுக்கு இருந்தா ரென்ச் வழுக்கும், அது தான் முக்கால்வாசி காரணம். நல்லா தொடச்சிட்டு ஒரு சுத்து உப்புத்தாள், சொரசொரப்பு உள்பக்கம் இருக்குற மாதிரி, அதுக்கு மேல ரென்ச். அடி வாய்க்கு எவ்வளவு கிட்ட பிடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது, அங்க தகரம் அமுங்காது.

கழட்டினப்புறம் இன்ஜின் பக்கம் சொட்டிக்கிட்டே இருக்கும். உடனே புதுச மாட்டாதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பேசின் அங்கயே இருக்கட்டும்.

9. பழைய ரப்பர் ரிங் எங்க?

என் வாசல்ல உள்ள வட்டத்துக்கு காரணம் இது தான், அதனால கொஞ்சம் அழுத்தி சொல்றேன்.

கழட்டின ஃபில்டர திருப்பி அதோட வாய்ல ரப்பர் ரிங் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அது இன்ஜின்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. சூட்டுல ரப்பர் கருத்து, இரும்போட இரும்பா தெரியும், கண்ணுக்கு தெரியாது, விரலால தடவினா தான் மேடு தெரியும். நான் பாக்கல. அது மேலயே புது ஃபில்டர மாட்டினேன், ரெண்டு ரிங் ஒன்னு மேல ஒன்னு. கையால திருகுறப்போ நல்லா டைட்டா தான் இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணினதும் பிரஷர்ல ஒரு ரிங் பிதுங்கிடுச்சு, நான் வண்டிக்குள்ள உக்காந்து ஆயில் லைட் அணையுதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன், வெளிய அம்மா கத்துறாங்க. ஆஃப் பண்றதுக்குள்ள புது ஆயில் ஒரு லிட்டருக்கு மேல தரைல. அட்டை, பேசின் எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன், அது ரெண்டாவது தப்பு.

அதனால விரலால ஒரு சுத்து தடவுங்க, பனியன் துணியால தொடைங்க, டார்ச் அடிச்சு பாருங்க. பழைய ஃபில்டரயும் புதுசயும் பக்கத்துல வெச்சு ரிங் வட்டமும் மரையும் ஒரே அளவான்னும் இப்பவே பாத்துடுங்க.

10. புது ஃபில்டர்

ரிங் மேல விரலால புது ஆயில் தடவுங்க. காஞ்ச ரப்பர் திருகுறப்போ இழுபட்டு சுருங்கும், அடுத்த தடவ கழட்டவும் வராது.

வாய் மேல பாத்து நிக்கிற ஃபில்டர்னா பாதி அளவுக்கு புது ஆயில் ஊத்தி, பேப்பர் உறிஞ்ச விட்டு மாட்டலாம். படுத்த ஃபில்டர்ல இந்த புத்திசாலித்தனம் வேணாம், ஊத்தினது அத்தனையும் மாட்டுறப்போ கைல தான் கொட்டும்.

கையால திருகுங்க. ரிங் இன்ஜின தொட்டது தெரியும், அங்கேருந்து பொதுவா முக்கால் சுத்து, ஃபில்டர் டப்பா மேலயே எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. சுத்து கணக்கு தப்பாம இருக்க ஃபில்டர்ல மார்க்கரால ஒரு கோடு போட்டுக்கங்க. கையால முடியுற டைட் போதும், ரென்ச் கழட்ட மட்டும் தான். கிளவுஸ் ஆயிலா இருந்தா வழுக்கும், ரெண்டாவது ஜோடி இதுக்கு தான் வாங்கினது.

மாட்டினப்புறம் ஃபில்டரயும் சுத்தி உள்ள எடத்தையும் துணி வெள்ளையா வர்ற வரைக்கும் தொடைங்க. அழகுக்கு இல்ல, நாளைக்கு லீக்கான்னு பாக்குறப்போ பழைய சொட்டா புது சொட்டான்னு தெரியணும்.

11. ஊத்துறப்போ கேன படுக்க வைங்க

கேனோட வாய் ஒரு ஓரமா இருக்கும்ல, அந்த ஓரம் மேல வர்ற மாதிரி கேன படுக்க வெச்சு சாய்ங்க. வாய் கீழ்பக்கமா பிடிச்சா காத்து உள்ள போக முடியாம குளுக்குன்னு துள்ளி புனலுக்கு வெளிய விழும். இத சொன்னா நம்பாம எல்லாரும் ஒரு தடவ சிந்திட்டு தான் திருப்பி பிடிக்கிறாங்க.

புனல சுத்தி ஒரு துணி. முழு அளவையும் ஒரேடியா ஊத்தாதீங்க, மேனுவல் அளவுக்கு அரை லிட்டர் கம்மியா ஊத்தி நிறுத்துங்க, மீதி டிப் ஸ்டிக் சொல்லும். கூடுதலா ஊத்திட்டா மறுபடி கீழ படுத்து வடிக்கணும். டிப் ஸ்டிக்க உள்ள தள்ளி, மூடிய போடுங்க.

12. ஸ்டார்ட், ஆனா பேசின எடுக்காம

பேசினும் அட்டையும் அப்படியே கீழ இருக்கட்டும். ஒருத்தர வெளிய நிக்க வெச்சு, ஃபர்ஸ்ட் கியர்ல போட்டிருந்தத நியூட்ரலுக்கு மாத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, ஆக்சிலேட்டர தொடாதீங்க. ஆயில் லைட் சில செகண்ட்ல அணையணும், அணையலன்னா ஆஃப். வெளிய நிக்கிறவங்க ஃபில்டரையும் போல்ட்டையும் தூரத்துலேருந்து டார்ச் அடிச்சு பாக்கணும், அடில போகக்கூடாது. ஒரு நிமிஷம் ஓடினா போதும்.

ஆஃப் பண்ணி, வண்டிய சமதளத்துக்கு எறக்கி, அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப் ஸ்டிக் பாருங்க. அளவு கொறைஞ்சிருக்கும், புது ஃபில்டர் குடிச்சது அது. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி மேல் கோட்டுக்கு சற்று கீழ நிறுத்துங்க.

13. பேசின்லேருந்து கேனுக்கு

எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சு இங்க தான் கவுப்பாங்க. பேசின தூக்கிக்கிட்டு நடக்காதீங்க, கேன பேசின்கிட்ட கொண்டு வாங்க. கேன ஒரு பழைய டப்புக்குள்ள நிறுத்தி, புனல் வெச்சு, ஒரு சின்ன மக்குல மொண்டு ஊத்துங்க. பாதிக்கு மேல கொறைஞ்சதும் பேசினயே சாய்க்கலாம். பழைய ஃபில்டர கவுத்து ஒரு ராத்திரி பேசின் ஓரத்துல விட்டா இன்னும் கொஞ்சம் வடியும்.

அந்த ஆயில்ல தண்ணி, பெட்ரோல், கூலன்ட் எதையும் கலக்காதீங்க, கலந்தா யாரும் வாங்க மாட்டாங்க. 2016 அபாயக் கழிவு விதிகள்ல பழைய ஆயிலும் வருது. தெரு சாக்கடைல ஊத்தினா அது போய் சேர்ற எடம் கடல் தான், பெரிய வாய்க்கால் எங்க போய் முடியுதுன்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித்தர வேணாம். வேஸ்ட் ஆயில் சேத்து வெச்சு மறுசுத்திகரிப்புக்கு அனுப்புற சர்வீஸ் சென்டரோ மெக்கானிக் ஷாப்போ பாத்து, மூடின கேனோட குடுங்க, ஃபில்டரயும் அங்கயே. கதவு நிலைக்கு கரையான் வராம தடவ, சென்ட்ரிங் ஷீட்டுக்கு தடவன்னு கேட்டு வருவாங்க. நான் குடுக்கறதில்ல, தடவினது மழைல மண்ணுக்கு தான் எறங்கும்.

14. அப்படியும் சிந்திடுச்சா

தண்ணி ஊத்தாதீங்க, இது முதல் விதி, ரெண்டாவது விதியும் அது தான். தண்ணி பட்டா ஆயில் பரவும். துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. மரத்தூள் தூவி மிதிச்சு விட்டு ஒரு ராத்திரி விடுங்க. கைல மரத்தூள் இல்லாத அவசரத்துக்கு கோலமாவு டப்பாவே கவுத்திருக்கேன், நல்லா தான் உறிஞ்சிச்சு, அம்மாகிட்ட வாங்கினது தனி கதை. காலைல கூட்டி அள்ளி, சோப்பு பவுடர கொழகொழன்னு கொழச்சு பிரஷ்ஷால தேய்ச்சு, அந்த நொரையயும் துணியால எடுங்க. டைல்ஸ்னா போயிடும். சொரசொர சிமெண்ட் தரைல அன்னைக்கே எடுக்கலன்னா போகாது, மிதியடி தான்.

கைக்கு, வேலைக்கு முன்னாடியே நகத்தால சோப்பு கட்டிய நல்லா பிராண்டிடுங்க, நகக்கண்ல சோப்பு அடைச்சிக்கும், கருப்பு ஏறாது. மீறி ஏறினா தேங்காஎண்ணெய் தேய்ச்சு அப்புறம் சோப்பு.

15. மறுநாள் காலைல அட்டைய பாருங்க

ராத்திரி வண்டிக்கு அடில, ஃபில்டருக்கும் போல்ட்டுக்கும் நேரா, ஒரு சுத்தமான அட்டைய போட்டுடுங்க, நாலு மூலைல கல்லு வெச்சு. அட்டைல முன்பக்கம் எதுன்னு பேனால எழுதிக்கங்க, இல்லன்னா காலைல எடுத்து பாக்குறப்போ எந்த சொட்டு எதுக்கு கீழன்னு தெரியாது. ரெண்டு மூணு சின்ன சொட்டு இருந்தா ஃப்ரேம்ல தேங்கினது எறங்கியிருக்கும், தொடச்சிட்டு விடுங்க. அடுத்த ராத்திரி புது அட்டை. அதுலயும் அதே எடத்துல சொட்டு இருந்துச்சுன்னா, போல்ட்டுக்கு கீழன்னா வாஷர், ஃபில்டருக்கு கீழன்னா ரிங்.